கரண்ட் போன பிறகும் பழைய லேண்ட்லைன் எப்படிப் பேசியது? இரண்டு செப்புக் கம்பிகளின் வரலாறு

கேள்வி இதுதான்: பழைய டயல் போனுக்கு வீட்டில் பிளக்கே கிடையாது, தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் அதில் பேச முடிந்தது. இன்றைய ஃபைபர் லேண்ட்லைனோ கரண்ட் போன உடனே அணைந்துவிடுகிறது. இத்தனை வளர்ச்சிக்குப் பிறகு ஏன் இப்படி? பரணில் கிடக்கும் டயல் போனை ஃபைபர் பெட்டியில் மாட்டினால் வேலை செய்யுமா?

பழைய போனை ஓட்டிய கரண்ட், ஊரின் போன் லைன்களை எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் நிலையமான எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது, அதுவும் பேச்சு போகும் அதே இரண்டு செப்புக் கம்பிகளில். கண்ணாடி இழையில் ஒளி போகும்; போனை ஓட்டும் மின்சாரம் போகாது. அதனால் அந்தப் பொறுப்பு இப்போது உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் தொலைபேசி பிறந்த காலத்திலும் அந்தப் பொறுப்பு வீட்டில்தான் இருந்தது. அது எப்போது, எதற்காக எக்ஸ்சேஞ்சுக்குப் போனது என்று பார்த்தால் இந்த வரலாற்றின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1876 பிப்ரவரி 14 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மார்ச் 7 அன்று 174465 என்ற எண்ணில் அது கிடைத்தது. மார்ச் 10 அன்று பாஸ்டனில், பக்கத்து அறையில் இருந்த உதவியாளர் தாமஸ் வாட்சனைக் கருவி வழியாகக் கூப்பிட்டார். பெல் விண்ணப்பித்த அதே நாளில் எலிஷா கிரே என்பவரும் தன் கருவிக்குக் காப்புரிமை கேட்கப்போவதாகச் சொல்லும் முன்னறிவிப்பை அதே அலுவலகத்தில் கொடுத்திருந்தார். அதற்கும் முன்பே, 1871இல், அந்தோனியோ மெயூச்சி ஒரு முன்னறிவிப்பு கொடுத்து, 1874க்குப் பிறகு புதுப்பிக்காமல் விட்டிருந்தார். ஜெர்மனியில் பிலிப் ரைஸ் 1861இலேயே கம்பி வழியே இசையை அனுப்பிக் காட்டினார். யார் முதல் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ரைஸின் கருவி, சவ்வு அதிரும்போது தொடர்பைத் தொட்டும் விட்டும் வேலை செய்யும் வகையில் எண்ணப்பட்டது. அப்படிச் செய்தால் சுருதி மறுமுனைக்குப் போகும். ஒலியின் வடிவம் போகாது, அதனால் சொல் புரியாது. காற்றின் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறதோ அதே வடிவில் மின்னோட்டமும் விட்டுப்போகாமல் ஏறி இறங்க வேண்டும் என்பதே பெல்லின் காப்புரிமையில் உள்ள சாரம். தந்தியிலிருந்து தொலைபேசி பிரிந்த இடம் அது.

பெல் முதலில் விற்ற கருவிகளில் பேச்சுக்கு பேட்டரி கிடையாது. ஒரு நிலைக்காந்தம், அதன் முனையில் செப்புக் கம்பிச் சுருள், எதிரே மெல்லிய இரும்புத் தகடு, அவ்வளவுதான். பேசினால் தகடு அதிரும், சுருளில் கரண்ட் பிறக்கும். மறுமுனையில் அதே மாதிரிக் கருவியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். பேசுபவரின் குரலில் உள்ள சக்தியைத் தவிர வேறு சக்தியே லைனில் இல்லாததால், தூரம் கூடக் கூடக் குரல் தேய்ந்து காணாமல் போனது.

இதைத் தீர்த்தது கரி. எடிசன் 1877இல் கரிப்பொத்தான் வைத்த பேசும் பகுதியை உருவாக்கினார். 1878இல் டேவிட் ஹியூஸ் தளர்வான தொடுகையின் தத்துவத்தை விளக்கினார். அதே ஆண்டில் ஹென்றி ஹன்னிங்ஸ் கரித்துகள்களைத் தளர்வாக நிரப்பினார். கடைசியில் நிலைத்தது இந்தத் துகள் வகைதான். சவ்வு உள்ளே அழுந்தும்போது துகள்கள் நெருங்கும், மின்தடை குறையும், கரண்ட் கூடும்; சவ்வு விலகினால் கரண்ட் குறையும். குரல் இங்கே கரண்டை உற்பத்தி செய்வதில்லை, பேட்டரியிலிருந்து வரும் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் வாயிலிருந்து வந்த சக்தியைவிடப் பல மடங்கு அதிகமான சக்தி லைனில் ஏறும். மின்னணு ஆம்ப்ளிஃபையர் வருவதற்குப் பல வருடம் முன்பே கிடைத்த பெருக்கம் இது. தொலைபேசியை ஊர் தாண்டிப் பேசவைத்த பெருமையில் பெல்லுக்குச் சமமான பங்கை இந்தக் கரித்துகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கணிப்பு. நூறு ஆண்டுக்கு மேல் இதே பாகம்தான் உலகம் முழுதும் ஓடியது. இதன் குறை, துகள்கள் ஈரத்தாலும் நாள்பட்ட பயன்பாட்டாலும் கட்டிபட்டுவிடும். அப்போது நீங்கள் பேசுவது மறுமுனையில் மங்கலாகவோ கரகரவென்றோ கேட்கும். பழைய ஆட்கள் ரிசீவரை உள்ளங்கையில் லேசாகத் தட்டிவிட்டுப் பேசுவார்கள். துகள்கள் உதிர்ந்து பிரிவதால் சற்று நேரத்துக்குச் சரியாகும்.

கரி வேலை செய்ய கரண்ட் வேண்டுமே. முதல் இருபது ஆண்டுகளில் அதை ஒவ்வொரு வீட்டுப் போனும் தானே வைத்திருந்தது. சுவரில் மாட்டிய மரப்பெட்டிக்குள் பேச்சுக்கு இரண்டு செல், சுமார் 3 வோல்ட். மணி அடிக்கத் தனியாக ஒரு கைப்பிடி ஜெனரேட்டர். சுழற்றினால் 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்னோட்டம் கிளம்பும், எக்ஸ்சேஞ்ச் பலகையில் உங்கள் எண்ணுக்கு மேலே உள்ள சிறு மூடி விழும், ஆபரேட்டர் எடுப்பார். இதில் ஒரு பழுது மிகச் சாதாரணம்: மற்றவர் பேசுவது உங்களுக்கு நன்றாகக் கேட்கும், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. உங்கள் வீட்டு செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். காதுப்பகுதிக்கு செல் தேவையில்லை, பேசும் பகுதிக்குத்தான் தேவை. சந்தாதாரர் பெருகப் பெருக, வீடு வீடாகப் போய் செல் மாற்றுவதே நிறுவனங்களுக்குப் பெரிய செலவாகிவிட்டது.

அதனால் 1890களில் பேட்டரியை எக்ஸ்சேஞ்சுக்கு நகர்த்தினார்கள். முதலில் 24 வோல்ட், பிறகு 48 வோல்ட் நிலைத்தது. 2 வோல்ட் ஈய அமில செல்கள் 24, வரிசையாக. சார்ஜர் எப்போதும் இணைந்தே இருப்பதால் நடைமுறையில் 50 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். வெளிக் கரண்ட் போனால் பேட்டரி மணிக்கணக்கில் தாங்கும், அதற்குள் டீசல் இன்ஜின் ஓடத் தொடங்கும். தெரு இருட்டாக இருந்தபோது நீங்கள் பேசியது இந்த பேட்டரியில்தான். இதில் நேர்முனையைத் தரையில் இணைத்து, கம்பியை எதிர்மறை 48 வோல்ட்டில் வைத்தார்கள். ஈரம் புகுந்த கேபிளில் மின்பகுப்பு நடந்தால் செப்பு கரைவது நேர்முனையில். கம்பி எதிர்முனையாக இருந்தால் அது அரிக்கப்படாமல் தப்பிக்கும்.

கம்பியின் பருமனும் தூரமும் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 0.5 மில்லிமீட்டர் செப்புக் கம்பியில், போக வர இரண்டையும் சேர்த்து, கிலோமீட்டருக்குச் சுமார் 175 ஓம் மின்தடை. 5 கிலோமீட்டருக்கு 875 ஓம். எக்ஸ்சேஞ்சில் கரண்ட் ஊட்டும் ரிலேக்கள் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) 400 ஓம், போன் ஏறக்குறைய 200 ஓம். மொத்தம் 1475 ஓம். 48 வோல்ட்டில் 32 மில்லிஆம்பியர் ஓடும். கரிக்குத் தாராளம். அதே தூரத்தை 0.4 மில்லிமீட்டர் கம்பியில் இழுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 275 ஓம், மொத்தம் 1975 ஓம், கரண்ட் 24 மில்லிஆம்பியர்தான். பேச்சு மெலிய ஆரம்பிக்கும் எல்லை அது. ஊருக்கு வெளியே இருந்தவர்களின் போன் எப்போதும் சன்னமாகக் கேட்டதற்கு இதுவே காரணம்.

ரிசீவர் கீழே இருக்கும்போது இந்தக் கரண்ட் ஓடக்கூடாது, ஆனால் மணி அடிக்க வேண்டும். மணிச்சுருளோடு ஏறக்குறைய 2 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடரில் வைத்து இதைச் சாதித்தார்கள். மின்தேக்கி நேர்மின்னோட்டத்தை விடாது, மணிக்கு வரும் 75 வோல்ட் மாறுமின்னோட்டத்தை விடும். ரிசீவரை எடுத்ததும் நேர்மின்னோட்டத்துக்கு வழி திறக்கும். எக்ஸ்சேஞ்ச் ரிலே அதை உணர்ந்து மணியை நிறுத்தும். இந்த மின்தேக்கி கசிந்தால் ரிசீவர் எடுக்கப்பட்டதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து கூப்பிடுபவருக்கு எப்போதும் எங்கேஜ்டு ஒலிதான் வரும்.

இனி இணைப்பு. வணிக ரீதியான முதல் எக்ஸ்சேஞ்ச் 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவனில் திறக்கப்பட்டது. சந்தாதாரர் 21 பேர். சரியாக நான்கு ஆண்டு கழித்து, 1882 ஜனவரி 28 அன்று, கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் எக்ஸ்சேஞ்சுகள் தொடங்கின. கல்கத்தாவில் 93 பேர் இணைப்பு வாங்கியிருந்தார்கள். எல்லாமே ஆபரேட்டர் கையால் செருகி இணைத்தவை.

ஆபரேட்டரை விலக்கியவர் கான்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். தனக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்புகிறார்கள் என்ற சந்தேகத்தில் இறங்கினார் என்பார்கள். 1891இல் காப்புரிமை, 1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட்டில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். விரலால் சுழற்றும் டயல் 1896இல் வந்தது. இந்தியாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14இல் சிம்லாவில்.

இந்த இயந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைவிட வெளிப்படையாக வேலை செய்த எக்ஸ்சேஞ்ச் பின்னால் வரவே இல்லை. டயலை விரலால் இழுக்கும்போது எதுவும் நடக்காது. விரலை விட்டதும் ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொண்டுபோகும். அந்தத் திரும்பும் வழியில்தான் ஒரு தொடர்பு விட்டு விட்டுத் திறந்து லைன் கரண்டை வெட்டும். 5 சுழற்றினால் ஐந்து வெட்டு, 0 சுழற்றினால் பத்து. வேகம் நொடிக்குப் பத்து. ஒவ்வொன்றிலும் சுமார் 66 மில்லிநொடி வெட்டு, 33 மில்லிநொடி தொடர்பு. வேகத்தைக் காப்பது உள்ளே உரசிச் சுழலும் ஒரு சிறு கவர்னர். அதில் அழுக்கு சேர்ந்து வேகம் குறைந்தாலோ, அவசரக்காரர் டயலை விரலாலேயே திருப்பித் தள்ளினாலோ ராங் நம்பர்.

எக்ஸ்சேஞ்சில் மூன்று ரிலேக்கள் இதைப் புரிந்துகொள்ளும். முதல் ரிலே ஒவ்வொரு வெட்டுக்கும் விழுந்து எழும். இரண்டாவது, செப்பு வளையம் போட்டதால் மெதுவாக விடும் ரிலே. 66 மில்லிநொடி வெட்டுக்கு அது அசையாது, ரிசீவரை வைத்துவிட்டால் மட்டும் விழுந்து இணைப்பைக் கலைக்கும். மூன்றாவது, வெட்டுத் துடிப்புகள் வந்துகொண்டிருக்கும்வரை பிடித்திருந்து, அவை நின்றதும் விழும். ஓர் எண் முடிந்தது என்று இயந்திரத்துக்குச் சொல்வது இதுதான். அதனால்தான் இரண்டு எண்களுக்கு நடுவே, டயலை மறுபடி இழுக்கும் அந்த இடைவெளி கட்டாயம் தேவைப்பட்டது. நான்கு இலக்க எண் 2345 என்று வைத்துக்கொள்ளுங்கள். செலக்டர் என்பது எண்ணுக்கேற்ப வழியைத் தேர்ந்தெடுக்கும் இயந்திரம். முதல் செலக்டரின் தண்டு இரண்டு படி மேலே ஏறி, அந்த வரிசையில் பக்கவாட்டில் தானே சுழன்று காலியான ஒரு வழியைத் தேடிப் பிடிக்கும். அடுத்த செலக்டர் மூன்று படி ஏறி அதையே செய்யும். கடைசி செலக்டர் நான்கு படி ஏறும், ஐந்து படி சுழலும். அங்கே நிற்கிறது உங்கள் நண்பரின் லைன். பத்து வரிசை, வரிசைக்குப் பத்துத் தொடர்பு, ஆக ஒரு கடைசி செலக்டர் நூறு லைன்களை எட்டும். முனைகளில் தூசி படிந்தால் பேச்சில் கரகரப்பு வரும், ஆகவே சுத்தம் செய்து எண்ணெய் போடவே எப்போதும் ஆட்கள் வேண்டியிருந்தது.

தூரப் பேச்சின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பி நீள நீள உயர் அதிர்வெண்கள் முதலில் தேயும், பேச்சு குழறும். குறிப்பிட்ட இடைவெளியில் கம்பிச்சுருள் சேர்த்தால் இது குறையும் என்ற கோட்பாட்டை ஆலிவர் ஹெவிசைட் கொடுத்தார். 1900ஐ ஒட்டி கேம்ப்பெல்லும் பூப்பினும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் பரவலான அளவு, சுமார் 1830 மீட்டருக்கு ஒரு 88 மில்லிஹென்றி சுருள். பிறகு வால்வு ஆம்ப்ளிஃபையர் வந்தது. 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கும் சான் பிரான்சிஸ்கோவும் பேசின. முதல் மூன்று நிமிடத்துக்குக் கட்டணம் 20 டாலர் 70 சென்ட். அட்லாண்டிக்கின் அடியில் முதல் தொலைபேசி கேபிள் 1956இல்தான் வந்தது, 36 பேச்சு வழிகளோடு.

இந்தியாவில் தொலைதூர அழைப்பு என்றால் ட்ரங்க் கால். புக் செய்துவிட்டு சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று கட்டணத்துக்கு ஏற்பக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக எண் சுழற்றும் எஸ்டிடி 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. போன்களையும் எக்ஸ்சேஞ்சுகளையும் 1948இல் பெங்களூரில் தொடங்கிய ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) செய்தது, ஆனால் தேவைக்கு அது போதவில்லை. இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1984இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்பின் ஊரக டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவப்பட்டது. 128 முனைகள், ஏசி தேவையில்லை, தூசியும் வெயிலும் தாங்கும். அயல்நாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிரூட்டிய அறையைக் கேட்டன. நம் கிராமங்களில் மின்சாரமே நிலையாக இல்லை. அந்த நிலைமையை ஒத்துக்கொண்டு வடிவமைத்ததே அதன் சிறப்பு. மஞ்சள் பலகை வைத்த எஸ்டிடி பூத்துகள் ஊர் ஊராகப் பரவியதற்குப் பின்னால் இந்த டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் இருந்தன.

பட்டன் போன் 1963 நவம்பரில் அமெரிக்காவில் வந்தது. கரண்டை வெட்டுவதற்குப் பதில், ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்பும். 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ். மனிதக் குரல் தற்செயலாக இந்த ஜோடியை உண்டாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டு. வெட்டுத் துடிப்புகள் உள்ளூர் எக்ஸ்சேஞ்சோடு நின்றுவிடும். ஒலியோ மறுமுனை வரை போகும். வங்கிக்குப் போன் செய்து “தமிழுக்கு 1ஐ அழுத்தவும்” என்று கேட்டு அழுத்த முடிவது அதனால்தான். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளில் பேச்சை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினார்கள். ஆக 64 கிலோபிட். பேச்சுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் ஒதுக்கியதால் ‘ஸ’வும் ‘ஃப’வும் போனில் ஒரே மாதிரி கேட்கும்.

மொபைல் தனி வரலாறு. 1973இல் மார்ட்டின் கூப்பரின் கைபேசி அழைப்பு, 1991இல் பின்லாந்தில் ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் மொபைல் முறை, 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு. டவரின் அடியில் உள்ள பேட்டரி வரிசை பெரும்பாலும் அதே எதிர்மறை 48 வோல்ட்தான் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இன்னும் செப்பு லைன் வைத்திருப்பவர்கள் பழுதை ஒரு மல்டிமீட்டரால் பாதி கண்டுபிடிக்கலாம். இடி மின்னல் நேரத்தில் லைனைத் தொடாதீர்கள். மணி வரும் சமயம் கம்பியைப் பிடித்தால் நன்றாகவே ஷாக் அடிக்கும். எல்லாப் போன்களையும் கழற்றிவிட்டு, வெளிக்கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் டிசி வோல்ட் பாருங்கள். 48 முதல் 52 என்றால் லைன் நலம், கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கிலோ போனிலோ. 30, 35 என்று தொங்கினால் எங்கோ ஈரம் கசிகிறது. வடகிழக்குப் பருவமழையில், தெருவில் கேபிள்கள் பிரியும் பெட்டிகளான பில்லரிலும் டிபி பெட்டியிலும் தண்ணீர் இறங்கி வரும் பழுது இது, பேச்சில் கொரகொரப்போடு சேர்ந்தே வரும். பூஜ்யம் என்றால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது இரண்டும் ஒட்டியிருக்கிறது. போனை மாட்டி ரிசீவரை எடுத்தால் 6 முதல் 12 வோல்ட்டுக்கு இறங்குவது இயல்பு, அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். பிராட்பேண்ட் மட்டும் அடிக்கடி அறுகிறது, பேச்சு நன்றாக இருக்கிறது என்றால் துருப்பிடித்த ஒட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும். தூரத்துக்காகச் சேர்த்த பழைய சுருள் லைனில் மிச்சமிருந்தாலும் டிஎஸ்எல் (செப்புக் கம்பி பிராட்பேண்ட்) ஓடாது, அது உயர் அதிர்வெண்களை அடைத்துவிடும்.

ஃபைபருக்கு வருவோம். சுவரில் உள்ள ஓஎன்டி பெட்டி, அதாவது ஃபைபர் வந்து முடியும் பெட்டிதான் இப்போது உங்கள் குட்டி எக்ஸ்சேஞ்ச். டயல் டோன், மணி, 48 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் எல்லாவற்றையும் அதுவே உண்டாக்குகிறது. கரண்ட் போனால் தாங்க, அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து, பெரும்பாலும் 12 வோல்ட், அதே அளவுள்ள மினி யுபிஎஸ் வாங்குங்கள். பெட்டி 10 வாட் எடுத்தால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, இழப்புகள் போக ஐந்து மணி நேரத்தை ஒட்டித் தாங்கும். வைஃபை ரவுட்டர் தனியாக இருந்தாலும் போனுக்கு அது தேவையில்லை. ஓஎன்டிக்கு மட்டும் பேட்டரி கொடுத்தால் நேரம் நீளும்.

டயல் போனை ஓஎன்டியின் போன் முனையில் மாட்டலாம். பேச்சும் கேட்பதும் வரும், உள்வரும் அழைப்பையும் எடுக்கலாம். இரண்டு சிக்கல் வரக்கூடும். பழைய இரும்பு மணி அதிக சக்தி கேட்கும், சின்னப் பெட்டியின் மணி மின்னோட்டம் போதாமல் அது முனகலாம். அப்போது அதே லைனில் உள்ள மற்ற போன்களைக் கழற்றிப் பாருங்கள். இரண்டாவது, பல பெட்டிகளுக்குத் துடிப்பு டயல் புரியாது. ரிசீவரை எடுத்து 5 சுழற்றுங்கள்: டயல் டோன் நின்றால் புரிகிறது, தொடர்ந்து ஒலித்தால் புரியவில்லை. புரியாவிட்டால் துடிப்பை ஒலியாக மாற்றும் சிறு கன்வெர்ட்டரைப் போனுக்கும் பெட்டிக்கும் நடுவே போட வேண்டும். மொபைலுக்கு அழைக்கும்போது முன்னால் 0 சேர்க்க மறக்காதீர்கள், 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனில் அது கட்டாயம். டயல் போனில் அந்த 0 திரும்பிவரவே ஒரு நொடி ஆகும், அது முழுதாக நின்ற பிறகு அடுத்த எண்ணைச் சுழற்றுங்கள்.